அமெரிக்க ஃபுட்போல் அணியொன்றின் ஏறுமுகத்தையும் இறங்குமுகத்தையும் கணிப்பது எப்படி: வன்னி இரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் அமெரிக்க ஃபுட்போலைப் பார்க்கத் தொடங்கும் இளைஞர்களில் நான் அறிந்த பலர், ரொறன்ரோவிலோ ஸ்காபரோவிலோ இருக்கும் மச்சான்மார் விரும்பும் அணியையே தாங்களும் பிடித்துக்கொண்டவர்கள். அந்த அணி இரண்டு ஆண்டுகள் வென்றுவிட்டு மூன்றாம் ஆண்டில் சரிந்து விழும்போது, ஏன் விழுந்தது என்று அவர்களுக்கு விளங்குவதில்லை. எங்கள் உதைபந்தாட்டத்தையோ கிரிக்கெட்டையோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஆட்டத்தின் உள்விசை இலகுவில் பிடிபடாது என்பதால், அதைக் கூர்ந்து பார்க்க ஆசைப்படுவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஓர் அணியின் எழுச்சி பெரும்பாலும் பயிற்றுநரிடம் தொடங்குகிறது; அது எவ்வளவு உயரம் போகும் என்பதைக் களத்தில் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரரான குவாட்டர்பாக் தீர்மானிக்கிறார்; அதன் சரிவோ இருவரும் பிரியும்போதோ, ஒருவருக்காக மற்ற எல்லாவற்றையும் அணி பலிகொடுக்கும்போதோ தொடங்குகிறது. புள்ளிப்பட்டியலில் அது தெரியவருவது பிறகுதான்.

ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பக்கத்திலும் 11 பேர் நிற்பார்கள். பந்தை வைத்திருக்கும் பக்கம் நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். ஏறக்குறைய எல்லா முயற்சிகளிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பாக்கின் கைக்குத்தான். எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை அவர் மூன்று வினாடிகளுக்குள் முடிவெடுக்க வேண்டும். என்.எஃப்.எல். எனப்படும் தொழில்முறைச் சங்கத்தில் 32 அணிகள் உள்ளன. 2021 முதல் ஒவ்வோர் அணியும் வழமையான பருவத்தில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. பருவம் செப்டெம்பரில் தொடங்கிப் பெப்ரவரியில் சுப்பர் போல் இறுதியாட்டத்தோடு முடிகிறது, அதாவது எங்கள் காலபோகத்துக்கு வயலை உழத் தொடங்குவதிலிருந்து அறுவடை வரைக்குமான காலம்.

முதலில் 40 வினாடிகளைப் பாருங்கள்

புதிதாகப் பார்ப்பவரின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். ஆனால் பயிற்றுநருக்கும் குவாட்டர்பாக்குக்கும் இடையிலான உறவை அறிய வேண்டுமென்றால், பந்து அசையாமல் கிடக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நகர்வு, அதாவது ஒரு முயற்சி, முடிந்தவுடன் 40 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுநர், எதிரணியினர் உதட்டசைவைப் படித்துவிடாதபடி கையிலிருக்கும் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, அடுத்த நகர்வின் பெயரைச் சொல்கிறார். அது குவாட்டர்பாக்கின் தலைக்கவசத்துக்குள் பொருத்தப்பட்ட சிறிய ஒலிபெருக்கியில் கேட்கிறது. அந்தக் கவசத்தின் பின்புறத்தில் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டப்பட்டிருப்பதைத் திரையில் காணலாம். கடிகாரத்தில் 15 வினாடிகள் மீதம் இருக்கும்போது அந்தத் தொடர்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு குவாட்டர்பாக் தனியாள். எதிரே நிற்கும் தடுப்பாளர்கள் எங்கே நிற்கிறார்கள், யார் பாய்ந்து வரப்போகிறார், சொல்லப்பட்ட நகர்வு இந்த நிலைக்குப் பொருந்துமா, இல்லையென்றால் எதற்கு மாற்றுவது என்பதையெல்லாம் அவர் தன் தலைக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் ஆட்டத்தில் பத்து நகர்வுகளை இப்படிப் பார்த்தாலே பலது விளங்கிவிடும். குவாட்டர்பாக் கோட்டுக்கு வரும்போது கடிகாரத்தில் எத்தனை வினாடி மிஞ்சியிருக்கிறது? கை காட்டி ஆட்களை இடம் மாற்றுகிறாரா, அல்லது வந்து நின்றதும் பந்தைக் கேட்டுவிடுகிறாரா? நேரம் போதாமல் அணி தான் கேட்டு ஆட்டத்தை நிறுத்தக்கூடிய இடைவேளைகளை வீணாக்குகிறதா? ஐந்து வினாடி மிஞ்சியிருக்கையில் அவசரப்பட்டு வந்து நிற்கும் அணி எவ்வளவு திறமைசாலிகளைக் கொண்டிருந்தாலும், அதன் பயிற்றுநர் குழுவில் ஏதோ ஒன்று சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மனிதர், மூன்று பயிற்றுநர்கள்

பயிற்றுநரின் பங்கை மட்டும் பிரித்தெடுத்துக் காண்பதற்கு ஜாரெட் கோஃப்பின் வரலாற்றை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்டில், 2016இல் முதலாவது ஆளாக லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி அவரைத் தெரிவுசெய்தது. அந்தப் பருவத்தில் ஜெஃப் ஃபிஷரின் கீழ் தொடங்கிய அணியில் கோஃப் ஏழு ஆட்டங்களைத் தொடங்கி ஏழிலும் தோற்றார். பருவம் முடியுமுன்னரே ஃபிஷர் நீக்கப்பட்டார். 224 புள்ளிகளோடு சங்கத்திலேயே மிகக் குறைவாகப் புள்ளி எடுத்த அணி அதுவாகத்தான் இருந்தது. முதலாவது தெரிவே வீண் என்று எழுதாதவர்கள் குறைவு.

அடுத்த ஆண்டு 30 வயதேயான ஷோன் மக்வே தலைமைப் பயிற்றுநராக வந்தார். அதே கோஃப், அதே மைதானம். ஆனால் அணி 11 ஆட்டங்களில் வென்று, 478 புள்ளிகளோடு சங்கத்திலேயே அதிகம் எடுத்த அணியானது. மக்வே என்ன செய்தார்? அணியை விரைவாகக் கோட்டுக்கு வரச்செய்து, 15 வினாடிக்கு முன்னால் தடுப்பாளர்கள் நிற்கும் நிலையைத் தானே பார்த்துக் கோஃப்பின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தை ஓடுபவரிடம் கொடுப்பதுபோல் காட்டிவிட்டு எறியும் நகர்வுகளை நிறையப் புகுத்தி, எறியவேண்டிய ஆள் தெளிவாகத் தெரியும்படி களத்தை ஒழுங்குபடுத்தினார். அதோடு, இதை மறக்கக்கூடாது, குவாட்டர்பாக்கின் இடதுபுறத்தைக் காக்க அன்ட்ரூ விட்வேர்த் என்ற அனுபவசாலியையும் பந்தைப் பிடிக்கப் புதிய ஆட்களையும் அணி நிர்வாகம் கொண்டுவந்தது. பயிற்றுநரின் புத்தியால் மட்டுமே எல்லாம் மாறியது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

ஆனால் 2018 பருவத்தின் சுப்பர் போல் ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் பயிற்றுநர் பில் பெலிச்சிக்கின் தடுப்பு, மக்வே காட்டிக்கொடுக்கும் படம் கடைசி நொடியில் மாறும்படி செய்தபோது, கோஃப்பால் தானாகத் தீர்வு காண முடியவில்லை. ராம்ஸ் 3க்கு 13 என்று தோற்றது. பயிற்றுநர் ஓர் அணியை எதுவரை தூக்கிச்செல்ல முடியும், எங்கே குவாட்டர்பாக்கின் சொந்த அறிவு தேவைப்படுகிறது என்பதற்கான எல்லைக்கோடு அந்த ஆட்டத்தில் துலக்கமாகத் தெரிகிறது. 2021இல் ராம்ஸ் கோஃப்பையும் இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகளையும் டெட்ராய்ட் லயன்ஸுக்குக் கொடுத்து மத்தியூ ஸ்டாஃபோர்டைப் பெற்று, அந்தப் பருவத்திலேயே கிண்ணத்தை வென்றது.

அத்தோடு கோஃப்பின் காலம் முடிந்ததென்றே பலர் நினைத்தார்கள். டெட்ராய்டில் டான் காம்பெல் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். முதல் ஆண்டில் மூன்று வெற்றி மட்டுமே. 2022இல் தாக்குதலை நடத்தும் பொறுப்பு பென் ஜோன்சனிடம் போனது. ஒரு வெற்றி, ஆறு தோல்வி என்று தொடங்கிய அணி ஒன்பது வெற்றி, எட்டுத் தோல்வி என்று முடித்தது. 2023இல் 12 வெற்றிகளோடு, 32 ஆண்டுகளுக்குப் பிறகு தன் முதலாவது பிளேஓஃப் (வழமையான பருவத்துக்குப் பின் தோற்றவர் வெளியேறும் சுற்று) வெற்றியை, அதுவும் ஸ்டாஃபோர்ட் ஆடிய ராம்ஸுக்கு எதிராகவே பெற்றது. 2024இல் 15 வெற்றிகள். ஆகவே ஒரு குவாட்டர்பாக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன்னர், அவருக்கு நகர்வைச் சொல்பவர் யார், அந்த ஆள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்பதைக் கொப்பியில் முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தலைமைப் பயிற்றுநரின் பெயர் மட்டும் போதாது. பல அணிகளில் நகர்வைத் தெரிவுசெய்பவர் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர்தான், அவர் வேறு அணிக்குத் தலைமைப் பயிற்றுநராகப் போகும்போது அந்த இழப்பு அடுத்த பருவத்தில்தான் தெரியும். ஜோன்சன் 2025 ஜனவரியில் சிக்காகோ பெயர்ஸுக்குப் போனார்.

பிரேடியா, பெலிச்சிக்கா

இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் இடையே ஓயாத வாதம் இது. குவாட்டர்பாக் டொம் பிரேடி 2000 டிராஃப்டில் 199ஆவது ஆளாகத் தெரிவானவர். 2001 செப்டெம்பரில் ட்ரூ பிளெட்சோ காயமடைந்ததால் அவருக்கு இடம் கிடைத்தது. அதன்பின் பெலிச்சிக்கோடு சேர்ந்து நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஆறு சுப்பர் போல் கிண்ணங்களை வென்றது. இருவரில் யாருக்குப் பெருமை சேரும்?

2008ஐ மட்டும் பார்த்தால் பயிற்றுநருக்குத்தான் என்று தோன்றும். முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் போய்விட, மட் காசெல் என்ற மாற்று ஆளோடு அணி 11 ஆட்டங்களில் வென்றது. 2020ஐப் பார்த்தால் தீர்ப்பு தலைகீழாகும். பிரேடி தம்பா பே பக்கனீயர்ஸுக்குப் போனார். முந்திய பருவத்தில் ஏழு வெற்றிகளோடும் குவாட்டர்பாக் எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்ட 30 இடைமறிப்புகளோடும் தடுமாறிய அந்த அணி, அவர் வந்த முதலாண்டிலேயே கிண்ணத்தைத் தூக்கியது. பேட்ரியட்ஸ் ஏழு வெற்றிகளோடு நின்றது. எனினும் 2008இல் காசெலைச் சுற்றி நின்றவர்கள், முந்திய ஆண்டு பதினாறுக்குப் பதினாறு வென்ற அணியினர். தம்பாவிலும் பந்தைப் பிடிப்போரும் தடுப்பும் ஏற்கெனவே திறமாக இருந்து, தவறு செய்யாத ஒரு கைதான் குறைவாக இருந்தது. ஓராண்டின் பலனை வைத்து ஒருவரை உயர்த்துவதும் மற்றவரைத் தாழ்த்துவதும் சரியான கணிப்பாகாது. குறைந்தது மூன்று பருவங்களாவது பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது பேட்ரியட்ஸின் சரிவில் எனக்கு முக்கியமாகப் படுவது பிரேடியின் பிரிவைவிட 2022தான். மக் ஜோன்ஸ் என்ற இளம் குவாட்டர்பாக் 2021இல் ஜோஷ் மக்டானியல்ஸின் வழிநடத்தலில் அணியைப் பத்து வெற்றிகளோடு பிளேஓஃப் சுற்றுக்குக் கொண்டுசென்றார். மக்டானியல்ஸ் வேறு அணிக்குத் தலைமைப் பயிற்றுநராகப் போனதும், தாக்குதலை நடத்தும் பொறுப்பைப் பெலிச்சிக், முன்னர் தடுப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த மட் பற்றீசியாவிடம் ஒப்படைத்தார். ஜோன்ஸின் ஆட்டம் அந்த ஆண்டே மங்கி, 2023இல் அணி நான்கு வெற்றிகளுக்கு இறங்கி, பருவம் முடிந்ததும் பெலிச்சிக்கும் விலகினார். தடுப்பை வகுப்பதில் அவருக்கு நிகரானவர் அரிது என்பதே என் எண்ணம். அப்படிப்பட்டவரும் ஓர் இளம் குவாட்டர்பாக்கின் இரண்டாம் ஆண்டில் தவறான ஆசானை வைத்தால் அணி தப்பாது. இளம் குவாட்டர்பாக் உள்ள அணியில் ஒருங்கிணைப்பாளர் மாறுகிறார் என்ற செய்தி வந்தால், அதை இறங்குமுகத்தின் முதல் அறிகுறியாகக் குறித்துவைக்கலாம்.

பணத்தின் அளவு

எல்லா அணிகளுக்கும் சம்பள உச்சவரம்பு ஒன்று உண்டு; 2025இல் அது 27 கோடியே 92 இலட்சம் டொலர். இரணைமடுவில் சிறுபோகத்துக்கு முன்னர் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பதைப்போலத்தான் இதுவும்: ஒரு பக்கத்துக்குக் கூடக் கொடுத்தால் இன்னொரு பக்கம் காயும். என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கத்தோடு செய்த 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு டிராஃப்டில் வரும் புதியவர்களின் சம்பளம் மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அவர்களின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள், முதற்சுற்றில் தெரிவானவருக்கு ஐந்தாம் ஆண்டையும் அணி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே நல்ல இளம் குவாட்டர்பாக் கிடைத்த அணிக்கு நான்கைந்து ஆண்டுகள் மலிவான காலம் உண்டு. சியாட்டில் சீஹோக்ஸ் 2012இல் மூன்றாம் சுற்றில் ரசல் வில்சனைப் பெற்று, ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலருக்கும் குறைவான செலவில் அவரை ஆடவைத்து, மிச்சப்பட்ட பணத்தில் தடுப்பைக் கட்டியெழுப்பி, 2013 பருவத்தின் இறுதியாட்டத்தில் டென்வர் பிரோங்கோஸை 43க்கு 8 என்று நொறுக்கியது. 2015இல் வில்சனுக்குப் பெரிய ஒப்பந்தம் கிடைத்தபின் அவரது காலத்தில் சியாட்டில் இறுதியாட்டத்துக்குத் திரும்பவில்லை.

அதே வில்சன் 2022இல் டென்வருக்குப் போன கதை இந்தப் பாடத்தின் கசப்பான பக்கம். டென்வர் பல தெரிவுகளையும் ஆட்களையும் கொடுத்து அவரை வாங்கி, நத்தானியல் ஹக்கெட் என்ற புதிய தலைமைப் பயிற்றுநரோடு சேர்த்தது. புள்ளியெடுப்பதில் அணி சங்கத்தின் கடைசி இடத்துக்கு விழுந்தது. 15 ஆட்டங்களுக்குப் பின் ஹக்கெட் நீக்கப்பட்டார். 2024இல் வில்சனையும் விடுவித்தபோது, ஆடாத ஒருவருக்காக 8 கோடியே 50 இலட்சம் டொலரை அணி இரண்டு ஆண்டுகளின் கணக்கில் சுமக்க வேண்டியிருந்தது. ஆயினும் அதே 2024இல் ஷோன் பேட்டன் பயிற்றுநராக இருக்க, டிராஃப்டில் 12ஆவது ஆளாக வந்த போ நிக்ஸோடு டென்வர் பத்து ஆட்டங்களில் வென்று, 2015க்குப் பிறகு முதன்முறையாகப் பிளேஓஃப் சுற்றுக்குப் போனது. தகுந்த பயிற்றுநரும் மலிவான இளைஞரும் சேர்ந்தால் அவ்வளவு பெரிய சுமையையும் தாங்கலாம் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

முன்வரிசையும் வாரிசும்

குவாட்டர்பாக்கைக் காக்கும் ஐவரைக் கவனிக்காமல் அவரைப் பற்றிப் பேசுவது வீண். இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸில் பெய்டன் மனிங் கழுத்துச் சத்திரசிகிச்சையால் 2011 முழுவதும் ஆடாதபோது, முந்திய ஆண்டு பத்து வெற்றி கண்ட அணி இரண்டோடு நின்றது. ஒருவரையே நம்பிக் கட்டிய வீடு எப்படியிருக்கும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. அடுத்து வந்த அன்ட்ரூ லக் முதலாண்டிலேயே 11 வெற்றிகளைத் தந்தார். ஆனால் பல ஆண்டுகள் அவருக்கு முன்னால் வலுவான வரிசை அமையவில்லை. அடிமேல் அடி வாங்கி, 2017 முழுவதையும் இழந்து, 2018இல் நல்ல காப்பு கிடைத்தபின் சிறப்பாக ஆடியும், 2019 ஓகஸ்டில் 29ஆவது வயதிலேயே ஓய்வை அறிவித்தார். அவ்வளவு திறமையுள்ள ஒருவர் அப்படிப் போனதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் தாங்குவதில்லை. அதன்பின் அடுத்தடுத்த பருவங்களில் ஆண்டுக்கொரு புது ஆளோடு அந்த அணி தொடங்க நேர்ந்தது.

வாரிசை நேரத்தோடு தயார்செய்வதில் கிரீன் பே பக்கர்ஸ் முன்னோடி. பிரெட் ஃபாவ் ஆடிக்கொண்டிருக்கும்போதே 2005இல் ஆரன் ரொஜர்ஸைத் தெரிவுசெய்து மூன்று ஆண்டுகள் உட்காரவைத்தார்கள்; ரொஜர்ஸ் ஆடும்போதே 2020இல் ஜோர்டன் லவ்வைத் தெரிவுசெய்து அதேபோலக் காக்கவைத்தார்கள். கன்சாஸ் சிட்டி அணியின் பயிற்றுநர் அன்டி ரீட், 2017இல் பற்றிக் மஹோம்ஸைப் பெற்ற பிறகும் அலெக்ஸ் ஸ்மித்தையே ஆடவைத்து, மஹோம்ஸுக்கு அந்தப் பருவத்தில் ஒரேயோர் ஆட்டத்தைத்தான் கொடுத்தார். அடுத்த ஆண்டில் மஹோம்ஸ் 50 டச்டவுன்களை (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்து எடுக்கும் புள்ளிகள்) எறிந்தார். இதற்கு நேரெதிரான கதை கிளீவ்லண்ட் பிரவுண்ஸினுடையது. பேக்கர் மேஃபீல்ட் தன் முதல் மூன்று பருவங்களில் நான்கு தலைமைப் பயிற்றுநர்களுக்குக் கீழ் ஆடினார். பின்னர் அவர் தம்பாவில் நிலையாக நின்று வென்றதைக் காணும்போது, பிழை எவரிடம் இருந்ததென்று கேட்கத் தோன்றுகிறது.

பொய்யான ஏறுமுகத்தைப் பிரித்தறிய ஒரு கணக்குப் போதும்: எடுத்த புள்ளிகளிலிருந்து கொடுத்த புள்ளிகளைக் கழியுங்கள். 2022இல் மினசோட்டா வைக்கிங்ஸ் 13 ஆட்டங்களில் வென்றும் அந்தக் கணக்கில் மூன்று புள்ளி குறைவாகவே நின்றது. ஒரு நகர்வில் மாறக்கூடிய நெருக்கமான ஆட்டங்கள் பதினொன்றிலும் அதற்கே வெற்றி கிடைத்திருந்தது. பிளேஓஃப் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்று, அடுத்த ஆண்டு ஏழு வெற்றிக்கு இறங்கியது. குவாட்டர்பாக் கேர்க் கசின்ஸ் காயமடைந்ததும் அதற்கு ஒரு காரணம்.

விதிவிலக்குகளும் உண்டு. 2000இல் பால்டிமோர் ரேவன்ஸ் 16 ஆட்டங்களில் 165 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்த தடுப்போடு, ட்ரென்ட் டில்ஃபர் என்ற சாதாரணக் குவாட்டர்பாக்கை வைத்துக் கிண்ணத்தை வென்றது. பிட்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸில் மைக் டொம்லின் 2007 முதல் 2024 வரை ஒரு பருவத்தில்கூட வெற்றியை மிஞ்சிய தோல்வியோடு முடிக்கவில்லை. ஆனால் 2017 ஜனவரிக்குப் பிறகு அந்தக் காலத்தில் ஒரு பிளேஓஃப் வெற்றியும் இல்லை. நல்ல பயிற்றுநர் அணியை விழவிடமாட்டார், உச்சிக்கு ஏற்றுவதற்கு இன்னொரு கை வேண்டும் என்பதையே இதிலும் காண்கிறேன்.

வன்னியிலிருந்து பின்தொடரும் முறை

அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு இரவு 10.30க்கு வரும், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியபின் 11.30 ஆகும். மறுநாள் வேலைக்கோ பாடசாலைக்கோ போகவேண்டியவர்கள் முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டியதில்லை. டேட்டாவும் அதற்குப் போதாது. சங்கம் யூடியூபில் வெளியிடும் சுருக்கக் காணொளியைத் திங்கள் மாலையில் பாருங்கள். ஆனால் சுருக்கத்தில் அந்த 40 வினாடிகள் வெட்டப்பட்டிருக்கும் என்பதால், மாதத்துக்கு ஓர் ஆட்டத்தின் ஒரு காற்பகுதியையாவது முழுமையாகப் பார்ப்பது நல்லது. இரண்டு அணிகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒன்று உங்களுக்குப் பிடித்தது, மற்றது இளம் குவாட்டர்பாக்கும் புதிய பயிற்றுநரும் உள்ள ஒன்று.

கொப்பியில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, குவாட்டர்பாக்கின் வயது, ஒப்பந்தத்தின் எத்தனையாவது ஆண்டு, நகர்வைச் சொல்பவரின் பெயர், முன்வரிசை ஐவரில் தொடர்ந்து ஆடுவோர் எத்தனை பேர் என்பவற்றை மேலே எழுதுங்கள். கீழே வாராவாரம் இடைமறிப்புகள், குவாட்டர்பாக் எத்தனை முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார், புள்ளி வித்தியாசம் என்ற மூன்றை மட்டும் சேர்த்துக்கொண்டு வாருங்கள். காலபோகம் பாதியைத் தாண்டும் டிசம்பரில், அந்தப் பக்கத்தைப் பார்த்து அடுத்த ஆண்டுக்கான கணிப்பை எழுதி, கனடாவில் இருக்கும் மச்சானுக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு மாற்ற முடியாது.

தைப்பொங்கலுக்கு முன்பின்னாகப் பிளேஓஃப் நடக்கும். வழமையான பருவம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை பல பயிற்றுநர்கள் நீக்கப்படுவார்கள், அந்தப் பட்டியலில் உங்கள் அணியின் ஒருங்கிணைப்பாளரை வேறு அணி அழைத்திருக்கிறதா என்று தேடுங்கள். சுப்பர் போல் எங்களுக்குத் திங்கள் அதிகாலை ஐந்து மணியளவில் வரும். சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் நடக்கும்போது, முப்பது தாண்டிய குவாட்டர்பாக் உள்ள அணி முதல் மூன்று சுற்றுகளுக்குள் இன்னொரு குவாட்டர்பாக்கைத் தெரிவுசெய்கிறதா என்று பார்த்து, அந்தப் பெயரைக் கொப்பியின் புதிய பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.